ஹென்லே வளைவின் தடித்த மேலேறு தூம்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறுநீரக நுண்குழலில் மாணவர்களை அதிகம் திணறடிப்பது இந்தப் பகுதிதான். பெயர்களை மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். ஆனால் சிறுநீரைப் பெருக்கும் மருந்தான ஃபுரோசமைடு கொடுத்தால் மெக்னீசியம் ஏன் குறைகிறது, ரத்தத்தில் கால்சியம் ஏறினால் சிறுநீர் ஏன் பெருகுகிறது என்று கேட்டால் தடுமாறுகிறார்கள். இந்தத் தூம்பு உப்பை எடுக்கும், தண்ணீரை எடுக்காது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இந்த ஒரு குணத்திலிருந்தே கிளைக்கின்றன.

நெஃப்ரானில் இது எங்கே இருக்கிறது?

நெஃப்ரான் என்பது சிறுநீரகத்தின் ஒரு வடிகட்டும் அலகு. அதன் தொடக்கத்தில் உள்ள ரத்த நுண்குழாய் முடிச்சான கிளாமருலஸில் வடிந்த நீர் முதலில் அண்மைச் சுருள் நுண்குழலைக் கடக்கிறது. அடுத்து கீழிறங்கு தூம்பு வழியாகச் சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லாவுக்குள் இறங்கி, கொண்டை ஊசிபோல வளைந்து, மேலேறு தூம்பு வழியாக வெளிப்பகுதியான புறணிக்கே திரும்புகிறது. மேலேறு தூம்பின் பின்பகுதியைத்தான் தடித்த மேலேறு தூம்பு என்கிறோம். வெளி மெடுல்லாவில் தொடங்கிப் புறணிக்குள் ஏறி, தான் எந்தக் கிளாமருலஸிலிருந்து புறப்பட்டதோ அதே கிளாமருலஸை உரசிச் சென்று, சேய்மைச் சுருள் நுண்குழலில் முடிகிறது.

எல்லா வளைவுகளும் ஒரே நீளம் கொண்டவை அல்ல. மனிதச் சிறுநீரகத்தில் ஏறத்தாழ 85 விழுக்காடு நெஃப்ரான்களுக்கு வளைவு குட்டையானது. அது வெளி மெடுல்லாவிலேயே திரும்பிவிடும். இவற்றில் மெல்லிய மேலேறு தூம்பே கிடையாது, திருப்பத்தை ஒட்டியே தடித்த பகுதி தொடங்கிவிடும். மீதமுள்ள 15 விழுக்காடு நெஃப்ரான்களின் வளைவுகள்தான் உள் மெடுல்லா வரை இறங்குகின்றன. பல வரைபடங்கள் நீண்ட வளைவை மட்டுமே காட்டுவதால், எல்லா நெஃப்ரானும் அப்படித்தான் என்ற எண்ணம் படிந்துவிடுகிறது.

'தடித்த' என்பது குழலின் உள்விட்டத்தைக் குறிக்கிறதா?

சுவரைக் குறிக்கிறது. மெல்லிய தூம்பின் செல்கள் தட்டையானவை, மைட்டோகாண்ட்ரியா குறைவு. தடித்த தூம்பின் செல்கள் கனசதுர வடிவில் உயர்ந்து நிற்பவை. ரத்தத்தைப் பார்த்த பக்கத்துச் சவ்வு ஆழமாக மடிந்திருக்கும், அந்த மடிப்புகளுக்கிடையே மைட்டோகாண்ட்ரியா நெருக்கமாக அடுக்கியிருக்கும். ஒரு செல் ஏராளமான ஆற்றலைச் செலவழிக்கிறது என்பதற்கு இதைவிட வெளிப்படையான அடையாளம் இல்லை. அண்மைச் சுருள் நுண்குழலில் தெரியும் தூரிகை ஓரம் இங்கே இருக்காது. நுண்ணோக்கியில் இரண்டையும் பிரித்தறிய இது உதவும்.

ஒரு நாளில் எவ்வளவு உப்பைத் திருப்பி எடுக்கிறது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிநீர், லிட்டருக்கு 140 மில்லிமோல் சோடியம் என்றால் மொத்தம் 25,200 மில்லிமோல். இதில் சுமார் 25 விழுக்காட்டை, அதாவது 6,300 மில்லிமோலை, ஹென்லே வளைவு திருப்பி எடுக்கிறது. அதில் பெரும்பகுதி தடித்த தூம்பின் உழைப்பு. சோடியத்தைச் சமையல் உப்பாக மாற்றிக் கணக்கிட்டால் கிட்டத்தட்ட 370 கிராம் வரும். அண்மைச் சுருள் நுண்குழல் ஏறத்தாழ 65 விழுக்காடு எடுக்கிறது என்றாலும், அங்கே உப்போடு தண்ணீரும் சேர்ந்தே போய்விடும்.

உப்பு செல்லுக்குள் நுழைவது எப்படி?

கதை ரத்தத்தின் பக்கமிருந்து தொடங்குகிறது. அந்தப் பக்கச் சவ்வில் உள்ள சோடியம்-பொட்டாசியம் பம்பு, செல்லின் ஆற்றல் மூலமான ஏ.டி.பி. மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. இதனால் செல்லுக்குள் சோடியம் குறைகிறது.

அந்தக் குறைவுதான் சிறுநீர்ப் பக்கத்துச் சவ்வில் இருக்கும் கடத்திப் புரதத்தை இயக்குகிறது. அதன் பெயர் என்.கே.சி.சி.2. ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என நான்கையும் ஒரே சுற்றில் உள்ளே கொண்டுவரும். நான்கில் ஒன்று இல்லாவிட்டாலும் சுற்று நடக்காது. இரண்டு நேர்மின்னூட்டம், இரண்டு எதிர்மின்னூட்டம் என்பதால் இந்தக் கடத்தல் மட்டும் மின்னழுத்தம் எதையும் உண்டாக்காது. உள்ளே வந்த சோடியம் பம்பு வழியாகவும், குளோரைடு சி.எல்.சி.-கே.பி. என்ற கால்வாய் வழியாகவும் ரத்தப் பக்கம் வெளியேறுகின்றன. அந்தக் குளோரைடு கால்வாய் வேலை செய்ய பார்ட்டின் என்ற துணைப் புரதம் கூடவே இருக்க வேண்டும்.

உள்ளே வந்த பொட்டாசியம் ஏன் மறுபடியும் சிறுநீர்ப் பக்கமே கசிகிறது? வீண் வேலை போலத் தோன்றுகிறதே?

இந்தப் பக்கத்தில் நிதானமாகப் படிக்க வேண்டிய பதில் இது. வடிநீரில் லிட்டருக்குச் சோடியம் 140 மில்லிமோல், பொட்டாசியம் வெறும் 4. ஒன்றுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டே போனால் பொட்டாசியம் சீக்கிரமே தீர்ந்துபோய் கடத்தி நின்றுவிடும். எனவே ரோம்க் என்ற கால்வாய் வழியாகப் பொட்டாசியம் குழலுக்குள் திரும்பி வருகிறது. அதே பொட்டாசியம் மறுபடியும் சோடியத்தை இழுத்துக்கொண்டு உள்ளே போகிறது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. பொட்டாசியம் நேர்மின்னூட்டத்தோடு குழலுக்குள் கசிகிறது, குளோரைடு எதிர்மின்னூட்டத்தோடு ரத்தப் பக்கம் போகிறது. ஆகவே குழலின் உட்பக்கம் ரத்தத்தைவிட 5 முதல் 10 மில்லிவோல்ட் வரை நேர்மின்தன்மை அடைகிறது. இந்தச் சிறிய அழுத்தம், குழலில் இருக்கும் நேர்மின் அயனிகளைச் செல்களுக்கு இடையிலான இணைப்புகள் வழியாக ரத்தப் பக்கம் விரட்டுகிறது. இங்கே மீளும் சோடியத்தில் ஏறத்தாழ பாதி அந்த இடுக்குவழியாகத்தான் போகிறது. பம்புக்கு அதற்காகத் தனிச் செலவில்லை. எனவே ஒரு ஏ.டி.பி.க்கு மூன்று சோடியம் என்பது இங்கே ஆறாகிவிடுகிறது. ஆக்சிஜன் குறைவான மெடுல்லாவில் இந்தச் சிக்கனம் உயிர்நாடி.

கால்சியம், மெக்னீசியத்துக்கும் இந்தப் பகுதிக்கும் என்ன தொடர்பு?

மேலே சொன்ன மின்னழுத்தம்தான் தொடர்பு. மற்ற அயனிகளில் பெரும்பாலானவை அண்மைச் சுருள் நுண்குழலில் மீளும்போது, வடிநீரின் மெக்னீசியத்தில் 60 முதல் 70 விழுக்காடு இந்தத் தடித்த தூம்பில்தான் மீள்கிறது. கால்சியத்தில் சுமார் 20 முதல் 25 விழுக்காடு. இரண்டும் செல்லுக்குள் நுழைவதில்லை. செல்களுக்கு இடையில் கிளாடின்-16, கிளாடின்-19 ஆகிய புரதங்கள் அமைத்த வழியில் போகின்றன. இந்த இரு புரதங்களில் ஒன்று மரபணுக் கோளாறால் கெட்டால் மெக்னீசியமும் கால்சியமும் சிறுநீரில் கொட்டும், ரத்தத்தில் மெக்னீசியம் சரியும், சிறுநீரகத்தில் கால்சியம் படியும், சிறு வயதிலேயே சிறுநீரகச் செயலிழப்பு வரலாம். கிளாடின்-19 கெட்டவர்களுக்குப் பார்வைக் குறைபாடும் சேர்ந்து வரும்.

தண்ணீர் ஏன் இதன் சுவரைத் தாண்டுவதில்லை?

அண்மைச் சுருள் நுண்குழலிலும் கீழிறங்கு தூம்பிலும் அக்குவாபோரின்-1 என்ற நீர்க் கால்வாய்கள் நிறைந்திருக்கும். தடித்த தூம்பின் சவ்வில் அப்படி ஒன்றும் இல்லை. செல்களுக்கு இடையிலான இணைப்பும் அயனிகளை விடும், தண்ணீரை விடாது. உடலில் நீரைத் தக்கவைக்கும் ஹார்மோனான ஏ.டி.எச். சுரந்தாலும் இந்த நிலை மாறாது. அந்த ஹார்மோன் நீர் வாயிலைத் திறப்பது நுண்குழல்களின் கடைசியில் வரும் சேகரிப்பு நாளத்தில். ஏ.டி.எச். நுண்குழல் முழுவதையும் நீர் புகும்படி ஆக்குகிறது என்று விடைத்தாளில் எழுதினால் அது தவறு.

உப்பை மட்டும் எடுப்பதால் மெடுல்லா எப்படி இவ்வளவு உவர்ப்பாகிறது?

தடித்த தூம்பு ஒரு மட்டத்தில் உண்டாக்கக்கூடிய வேறுபாடு சுமார் 200 மில்லி ஆஸ்மால்தான் (கரைந்திருக்கும் துகள்களின் செறிவை அளக்கும் அலகு இது). ஆனால் மனித மெடுல்லாவின் அடிமுனையில் 1,200 வரை எட்டுகிறது. இந்த இடைவெளியை நிரப்புவது வளைவின் வடிவம். படிப்படியாகப் பாருங்கள். உண்மையில் எல்லாம் ஒரே நேரத்தில் நடக்கிறது, புரிந்துகொள்ள மட்டும் பிரிக்கிறோம்.

தொடக்கத்தில் குழல், இடைத்திரவம் எங்கும் 300. மேலேறு தூம்பு உப்பை வெளியேற்றுகிறது: அதற்குள் 200, வெளியே 400. கீழிறங்கு தூம்பிலிருந்து தண்ணீர் வெளியே போய் அதுவும் 400 ஆகிறது. இப்போது மேலிருந்து 300 அளவுள்ள புதிய நீர் உள்ளே தள்ளப்படுகிறது. கீழிறங்கு தூம்பில் இருந்த 400 நீர் திருப்பத்தைத் தாண்டி மேலேறு தூம்பின் அடிப்பகுதிக்கு வருகிறது. அங்கே மறுபடி உப்பு வெளியேறுகிறது. இம்முறை 400-இல் தொடங்குவதால் உள்ளே 300, வெளியே 500. மேல்மட்டத்தில் உள்ளே 150, வெளியே 350. பம்பின் வலிமை கூடவில்லை, அதே 200 வேறுபாடுதான். ஆனால் அடிப்பகுதி 500-க்கு வந்துவிட்டது. இதே சுற்று தொடரத் தொடர அடிமுனை ஏறிக்கொண்டே போகும், மேல்முனை நீர்த்துக்கொண்டே போகும். இதைத்தான் எதிரோட்டப் பெருக்கம் என்கிறோம். 1942-இல் வெர்னர் குன் முன்வைத்த கருத்து இது. வளைவை ஹென்லே விவரித்து ஏறத்தாழ 80 ஆண்டுகள் கழித்துத்தான் அதன் பயன் விளங்கத் தொடங்கியது.

ஒரு திருத்தம்: உள் மெடுல்லாவில் தடித்த தூம்பு இல்லை. எனவே மேலே சொன்ன பம்பு விளக்கம் வெளி மெடுல்லாவுக்கே நேரடியாகப் பொருந்தும். அடிமுனையின் செறிவில் ஏறக்குறைய பாதி யூரியாவால் வருவது. சேகரிப்பு நாளத்தின் கடைசிப் பகுதியிலிருந்து யூரியா கசிந்து அங்கே தங்குகிறது. புரதம் மிகக் குறைவாக உண்பவர்களுக்குச் சிறுநீரைச் செறிவாக்கும் திறன் குறைவதற்கு இதுவே காரணம்.

இப்படிச் சேர்த்த உப்பை ரத்த ஓட்டம் அடித்துச் சென்றுவிடாதா?

சாதாரண நுண்குழாய் வலையாக இருந்தால் அடித்துச் சென்றுவிடும். மெடுல்லாவின் வாசா ரெக்டா குழாய்களும் வளைவைப் போலவே இறங்கி ஏறுவதால், இறங்கும்போது வாங்கிய உப்பை ஏறும்போது விட்டுச் செல்கின்றன. ஓட்டமும் மெதுவானது. சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தில் 10 விழுக்காட்டுக்கும் குறைவே மெடுல்லாவுக்குப் போகிறது.

இதற்கு ஒரு விலை உண்டு. புறணியில் ஆக்சிஜன் அழுத்தம் சுமார் 50 மி.மீ. பாதரசம் என்றால், மெடுல்லாவில் 10 முதல் 20 வரைதான். கடுமையாக உழைக்கும் செல்கள் மூச்சுமுட்டும் இடத்தில் இருக்கின்றன. ரத்த அழுத்தம் வெகுவாகக் குறையும்போது வெளி மெடுல்லா முதலில் அடிபடுவதற்கும் இது ஒரு காரணம். அரிவாள் செல் நோயில், ஆக்சிஜன் குறைந்த, உவர்ப்பான இந்த வாசா ரெக்டாவுக்குள் சிவப்பணுக்கள் எளிதில் வடிவம் மாறி அடைத்துக்கொள்கின்றன. சிறுநீரைச் செறிவாக்கும் திறன் அந்நோயில் சிறு வயதிலேயே கெடுகிறது.

செறிவான சிறுநீருக்கு மட்டும்தானே இது தேவை?

நீர்த்த சிறுநீருக்கும் இதேதான் தேவை. தடித்த தூம்பை விட்டு வெளியேறும் நீர் எப்போதும் நீர்த்தே இருக்கும், சுமார் 100 மில்லி ஆஸ்மால். ஏ.டி.எச். இல்லாவிட்டால் அது மேலும் நீர்த்து 50 வரை இறங்கி வெளியேறும். ஏ.டி.எச். இருந்தால் சேகரிப்பு நாளத்தில் தண்ணீர் மெடுல்லாவுக்குள் இழுக்கப்பட்டு 1,200 வரை ஏறும். ஒருவர் நாளுக்கு 600 மில்லி ஆஸ்மால் கழிவை வெளியேற்ற வேண்டும் என்று வையுங்கள். 1,200 செறிவில் அரை லிட்டர் சிறுநீர் போதும். 50 செறிவில் 12 லிட்டர். தூம்பு செயலிழந்து 300-இலேயே நின்றுவிட்டால் எப்போதும் 2 லிட்டர்தான்: தண்ணீர் குடிக்காவிட்டாலும் குறையாது, நிறையக் குடித்தாலும் அதிகரிக்காது.

தூம்பின் முடிவில் இருக்கும் மாக்குலா டென்சா என்ன செய்கிறது?

கிளாமருலஸை உரசும் இடத்தில் நெருக்கமாக நிற்கும் சில செல்கள் அவை. அவையும் என்.கே.சி.சி.2 வழியாகவே உப்பை உணர்கின்றன. உப்பு அதிகம் வந்தால் வடிகட்டல் கூடிவிட்டது என்று கொண்டு, கிளாமருலஸுக்குள் வரும் தமனியைச் சுருக்குகின்றன. உப்பு குறைந்தால், ரத்த அழுத்தத்தை உயர்த்தும் தொடர்வினையைத் தொடங்கிவைக்கும் ரெனின் சுரப்பைத் தூண்டுகின்றன. ஃபுரோசமைடு இந்த உணர்வையே அடைத்துவிடுவதால், குழலில் உப்பு நிரம்பி வழிந்தாலும் அச்செல்கள் உப்பே இல்லை என்று எண்ணி ரெனினை விடுகின்றன.

ஃபுரோசமைடு எப்படி வேலை செய்கிறது?

என்.கே.சி.சி.2-ஐக் குழலின் உட்பக்கமிருந்து தடுக்கிறது. உட்பக்கமிருந்து என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். இம்மருந்து ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பதால் கிளாமருலஸில் வடிவதே இல்லை எனலாம். அண்மைச் சுருள் நுண்குழலின் செல்கள் அதை ரத்தத்திலிருந்து பிடித்துக் குழலுக்குள் சுரக்க வேண்டும். பிறகே அது வளைவுக்குப் போய்ச் சேரும். வாய்வழியாகக் கொடுத்தால் 30 முதல் 60 நிமிடத்தில், சிரைவழி என்றால் சுமார் 5 நிமிடத்தில் வேலை தொடங்கும். வாய்வழியில் சராசரியாகப் பாதிதான் உறிஞ்சப்படுவதால், 40 மி.கி. மாத்திரைக்குச் சமம் 20 மி.கி. ஊசி.

கடத்தி அடைபட்டதும் மேலே சொன்னவை ஒவ்வொன்றாகக் குலைகின்றன. மெடுல்லாவின் உவர்ப்பு கரைகிறது. மின்னழுத்தம் சரிவதால் கால்சியமும் மெக்னீசியமும் சிறுநீரில் போகின்றன. சேகரிப்பு நாளத்துக்குச் சோடியம் வெள்ளமாக வருவதால், அங்கே அதற்கு மாற்றாகப் பொட்டாசியமும் ஹைட்ரஜன் அயனியும் வெளியேறுகின்றன. பொட்டாசியம் குறைவும் காரத்தன்மை மிகுதியும் இப்படித்தான் வருகின்றன. உட்காதிலும் இதற்கு உறவான என்.கே.சி.சி.1 இருப்பதால், பெரிய அளவை வேகமாகச் சிரையில் செலுத்தினால் காதிரைச்சலோ கேளாமையோ வரலாம். பெரிய அளவுகளை நிமிடத்துக்கு 4 மி.கி.க்கு மேல் செலுத்தக் கூடாது என்ற விதி அதனால்தான். ஜென்டாமைசின் போன்ற மருந்துகள் கூட இருந்தால் ஆபத்து மேலும் கூடும்.

பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தும் ஏறவில்லை. ஏன்?

மெக்னீசியத்தைப் பாருங்கள். செல்லுக்குள் இருக்கும் மெக்னீசியம்தான் ரோம்க் கால்வாயை ஓரளவு அடைத்து வைக்கிறது. மெக்னீசியம் குறைந்தால் சேகரிப்பு நாளத்தின் ரோம்க் திறந்தே கிடந்து பொட்டாசியம் ஒழுகிக்கொண்டிருக்கும். மெக்னீசியத்தை முதலில் சரிசெய்யாமல் பொட்டாசியத்தைக் கொட்டுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதுதான்.

ஃபுரோசமைடு கொடுத்தும் நீர் பிரியவில்லை என்றால் எங்கே தேடுவது?

மருந்தின் பயணப்பாதையைப் பின்தொடருங்கள். உப்பு உணவில் கட்டுப்பட்டிருக்கிறதா? மருந்தின் வேலை 6 மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மீதி நேரத்தில் உண்ட உப்பைச் சிறுநீரகம் ஆவலோடு சேமித்து, போனதையெல்லாம் ஈடுகட்டிவிடும். இதய நோயால் குடல் வீங்கியிருந்தால் மாத்திரை மெதுவாகவே உறிஞ்சப்படும். சிறுநீரகச் செயலிழப்பில் தேங்கும் அமிலங்கள் சுரப்புக் கடத்திகளில் இடம் பிடித்துக்கொள்வதால் மருந்து குழலுக்குள் போதுமான அளவு போகாது, அதற்குப் பெரிய அளவு தேவைப்படும். இந்த மருந்துக்கு ஒரு வாசல் அளவு உண்டு. அதைத் தொடாத சிறிய அளவை நான்கு முறை கொடுப்பதில் பயனில்லை, தொடும் அளவை இரண்டு முறை கொடுப்பதே மேல். ஐபுபுரூஃபன் போன்ற வலிமருந்துகள் வினையைக் கெடுக்கும்.

நாள்பட்டுக் கொடுக்கும்போது இன்னொரு தடை எழுகிறது. வளைவிலிருந்து தப்பி வரும் உப்பைத் தினமும் பார்க்கும் சேய்மைச் சுருள் நுண்குழலின் செல்கள் பருத்து, அதைப் பிடித்துவிடுகின்றன. அப்போது அந்தச் செல்களின் உப்புக் கடத்தியைத் தடுக்கும் தையசைடு வகை மருந்தைச் சேர்க்கிறார்கள். இந்தக் கூட்டு சக்தி வாய்ந்தது, சோடியமும் பொட்டாசியமும் ஓரிரு நாளில் சரிந்துவிடலாம். எனவே ரத்தப் பரிசோதனையின்றி இதைத் தொடங்கக் கூடாது, மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக அளவைக் கூட்டவும் கூடாது. அவசரச் சிகிச்சையில் ஊசி போட்ட 2 மணி நேரத்தில் சிறுநீரின் சோடியம் லிட்டருக்கு 50 முதல் 70 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் அளவு போதவில்லை என்று பொருள்.

பார்ட்டர் நோய் என்றால் என்ன? கிட்டெல்மன் நோயிலிருந்து எப்படிப் பிரிப்பது?

பிறவியிலேயே ஃபுரோசமைடு சாப்பிட்டுக்கொண்டிருப்பது போன்ற நிலை என்று பார்ட்டர் நோயைச் சொல்லலாம். 1962-இல் விவரிக்கப்பட்டது. என்.கே.சி.சி.2, ரோம்க், சி.எல்.சி.-கே.பி., பார்ட்டின் ஆகியவற்றில் ஒன்றின் மரபணு கெட்டிருக்கும். பார்ட்டின் கெட்டால் செவிட்டுத்தன்மையும் சேரும், காரணம் உட்காதுக்கும் அது வேண்டும். முதலிரண்டு வகைகளில் கருவிலேயே குழந்தை அதிகமாகச் சிறுநீர் கழிப்பதால் பனிக்குட நீர் பெருகி, குறைப்பிரசவம் நேரும். பொட்டாசியம் குறைவு, காரத்தன்மை மிகுதி, ரெனினும், உப்பைச் சேமிக்கச் செய்யும் ஹார்மோனான ஆல்டோஸ்டிரோனும் உயர்வு, ஆனால் ரத்த அழுத்தம் உயராது.

கிட்டெல்மன் நோயில் கெடுவது சேய்மைச் சுருள் நுண்குழலின் தையசைடு தடுக்கும் கடத்தி. சிறுநீர்க் கால்சியத்தைப் பாருங்கள்: பார்ட்டரில் பொதுவாக அதிகம், கிட்டெல்மனில் குறைவு. வாந்தியையும் மருந்துப் பயன்பாட்டையும் முதலில் விலக்கிவிட்டே இந்த இரண்டுக்கும் வர வேண்டும்.

ரத்தத்தில் கால்சியம் அதிகமானால் ஏன் சிறுநீர் பெருகுகிறது?

தடித்த தூம்பின் ரத்தப் பக்கச் சவ்வில் கால்சியத்தை உணரும் ஏற்பி ஒன்று உண்டு. கால்சியம் ஏறியதும் அது உப்பு மீட்பை அடக்குகிறது. கால்சியத்தை வெளியேற்றுவதற்கான ஏற்பாடு அது, ஆனால் கூடவே உப்பும் போய், மெடுல்லாவின் உவர்ப்பும் குறைகிறது. நோயாளி நீர் வற்றிப்போகிறார், வற்றியதும் கால்சியம் இன்னும் ஏறுகிறது. அதனால்தான் இங்கே முதல் சிகிச்சை சிரைவழி உப்பு நீர். உடல் வற்றியிருக்கும்போதே ஃபுரோசமைடு கொடுப்பது நிலைமையை மோசமாக்கும்.

யூரோமாடுலின் எதற்கு?

ஆரோக்கியமானவரின் சிறுநீரில் மிகுதியாக இருக்கும் புரதம் இது, தடித்த தூம்பே தயாரிக்கிறது. கிருமிகள் சுவரில் ஒட்டாமலும், கற்கள் உருவாகாமலும் தடுக்க உதவுகிறது. சிறுநீரில் காணப்படும் நிறமற்ற உருளைகளும் இதுவே உறைந்து உருவானவை, அவை மட்டும் இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. மயலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயில் வடிந்து வரும் புரதச் சங்கிலிகள் இதோடு ஒட்டி இறுகிக் குழலை அடைக்கும்போதுதான் சிக்கல். அப்படிப்பட்ட நோயாளிக்கு உடல் வற்றுவதும், வலிமருந்துகளும், ஃபுரோசமைடும் அடைப்பைத் தூண்டலாம்.

இந்தத் தூம்பு சரியாக வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது?

இதற்கென்று தனிப் பரிசோதனை கிடையாது. காலையில் எழுந்ததும் கழிக்கும் முதல் சிறுநீரின் ஆஸ்மோலாலிட்டி (மில்லி ஆஸ்மாலில் அளக்கும் செறிவு) 800-ஐத் தாண்டினால் செறிவாக்கும் ஏற்பாடு மொத்தமும் நன்றாக இருக்கிறது எனலாம். தாகமாக இருந்தும் 300-ஐ ஒட்டியே நின்றால், மெடுல்லா பாதிக்கப்பட்டிருக்கலாம். ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.010 என்று சிறுநீரில் தோய்க்கும் பரிசோதனைப் பட்டையில் காட்டுவதும் அதே செய்திதான். ஆனால் ஒப்படர்த்தியை மட்டும் நம்பினால் ஏமாற நேரும்: சர்க்கரையோ எக்ஸ்-கதிர்ச் சாயமோ சிறுநீரில் இருந்தால் கருவியில் அளக்கும் அடர்த்தி பொய்யாக உயரும். கூடவே ரத்தப் பொட்டாசியம், மெக்னீசியம், பைகார்பனேட்டு, சிறுநீர்க் குளோரைடு, சிறுநீர்க் கால்சியம் ஆகியவற்றையும் எடுத்துப் பாருங்கள். சிறுநீர்க் குளோரைடு மிகக் குறைவாக இருந்தால் உப்பை இழப்பது சிறுநீரகம் அல்ல, பெரும்பாலும் வாந்தி.